ஸ்காபரோ வளவொன்றின் இலையுதிர்காலத் தயாரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு தனிவீடு. கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், மனைவியின் தாயார் என ஐவர் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். வீட்டின் முன்னால் சிறிய புற்தரை. தெருவோரம் நகரசபைக்குச் சொந்தமான, நன்கு வளர்ந்த நோர்வே மேப்பிள் மரம் ஒன்று. பின்வளவில் 4 அடிக்கு 8 அடி அளவில் பலகை அடித்து உயர்த்திய மூன்று பாத்திகள், பாவலுக்கும் பயித்தைக்கும் ஒரு பந்தல், மேற்கு எல்லையில் சீடர் மரங்களை நெருக்கி நட்ட உயிர்வேலி. மிச்சமெல்லாம் புல். சாடிகளில் கறிவேப்பிலை மூன்றும் முருங்கை ஒன்றும். இவற்றைப் பார்ப்பது தாயார்தான். மூத்த கறிவேப்பிலைக்குப் பத்து வயதுக்கு மேல்.

வளவு வேலைக்குக் குடும்பத்துக்கு நேரம் கிடைப்பது சனி, ஞாயிறுகளில் மட்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதியில் எல்லா வேலையையும் ஒன்றாக முடிப்பது வழக்கம். ஸ்காபரோவில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. இந்த வீட்டில் அந்த வழக்கத்தால் வந்த சேதமும், அடுத்த ஆண்டு வேலைகளைப் பிரித்துச் செய்தபோது கிடைத்த பலனும் இங்கே பதிவாகின்றன.

முந்தின ஆண்டின் சேதம்

முதலாவது சேதம் வெளிக்குழாயில். அது குளிரில் உறையாத வகை என்று விற்கப்படும் நீண்ட தண்டுக் குழாய். தண்ணீரை அடைக்கும் வாய் வெளிச்சுவரில் இல்லை, 30 சென்ரிமீற்றர் உள்ளே, வீட்டின் சூட்டில் இருக்கும். அந்த நம்பிக்கையில் நீர்க்குழலைச் சுருட்டிச் சுவரில் மாட்டினார்கள், ஆனால் குழாயிலிருந்து கழற்றவில்லை. குழல் மாட்டியிருந்தால் தண்டுக்குள் நிற்கும் தண்ணீர் வடிய வழியில்லை. தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், அதில் செப்புத் தண்டு பிளந்துவிட்டது. பிளவு அடைப்பு வாய்க்கு வெளிப்பக்கத்தில் இருந்ததால் குளிர்காலம் முழுதும் ஒரு துளி ஒழுகவில்லை. ஏப்ரலில் பாத்திக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தபோதுதான் பேஸ்மன்ற் சுவருக்குள் தண்ணீர் பாய்ந்தது. கம்பளம் நனைந்து, சுவர்ப்பலகை ஊறியபின்தான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது கறிவேப்பிலை. உறைபனி அறிவிப்பு வந்த இரவில் அவசரமாக உள்ளே தூக்கினார்கள். இரவுக் குளிர் ஏற்கெனவே சில கிழமைகளாக 5, 6 பாகை செல்சியசுக்கு இறங்கியிருந்தது. மரங்கள் போய் நின்றது ஹீற்றிங் போட்டிருந்த வறண்ட வீட்டில். சில நாளில் இலை மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கி, தை மாதத்தில் வெறும் குச்சிகளே மிஞ்சின. குச்சிகளில் செதிள் பூச்சியும் இருந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து அடித்ததில் எஞ்சிய குருத்தும் கருகியது.

மூன்றாவது உள்ளி. கடையில் சமையலுக்கு வாங்கிய உள்ளியை ஓகஸ்ட் கடைசியில் நட்டிருந்தார்கள். மண் சூடாக இருந்ததால் குளிர் வருமுன்னே ஒரு சாண் உயரத்துக்குத் தாள் எழுந்து, பிறகு உறைந்து அழுகியது. முளைத்த சிலவும் கோடையில் விரல்நுனி அளவுக் குமிழ்தான் தந்தன.

புற்தரையிலும் சேதம் இருந்தது. நன்றியறிதல் வார இறுதியில் இலை வாரியபோது மேப்பிள் பாதியிலும் கொட்டவில்லை. நோர்வே மேப்பிள் இந்த நாட்டு மேப்பிள்களைவிடப் பிந்தியே இலை உதிர்க்கும். நவம்பரில் கொட்டியதை யாரும் தொடவில்லை. அது பனிக்கடியில் பாய்போல் ஒட்டிக் கிடந்தது. வசந்தத்தில் அதை விலக்கியபோது புல்லில் வட்டவட்டமாகச் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

செப்டெம்பரில் பார்த்தவை

அடுத்த ஆண்டு செப்டெம்பர் முதல் வார இறுதியில், தோட்டக்கலைப் பயிற்சியுள்ள உறவினர் ஒருவருடன் வளவு முழுவதையும் சுற்றிப் பார்த்தார்கள்.

கறிவேப்பிலைத் தண்டில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. எறும்பு வருவது செதிள் பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்கு. இலையைப் புரட்டினால் நடுநரம்பை ஒட்டி, எள்ளைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான பழுப்பு ஓடுகள். நகத்தால் நெம்பினால் முழுதாகக் கழன்று வரும், கீழே பச்சைத் தோல் தெரியும். மூன்று மரங்களில் இரண்டில் இருந்தது. தொட்டுப் பார்த்தபோது கீழ் இலைகளின் மேற்பரப்பு பிசுபிசுத்தது.

பின்வளவுப் புல்லில் கிழக்குப் பக்கம் பழுப்பேறியிருந்தது. இரவில் ஸ்கங்க் என்ற விலங்கு வந்து கிண்டிய சிறு குழிகளும் இருந்தன. பழுத்த இடத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட விளிம்பில் ஓரடிச் சதுரமாக மூன்று இடங்களில் புல்லை வெட்டிப் புரட்டினார்கள். வேர் அறுபட்டிருந்ததால் புல் இலகுவாகக் கழன்றது. ஒவ்வொரு சதுரத்திலும் பத்துக்கு மேல், புல்வேரைத் தின்னும் வண்டுக் குஞ்சுகளான வெண்புழுக்கள், ஆங்கில சீ எழுத்துப்போல் வளைந்து கிடந்தன. சதுரத்துக்கு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தக்காளியின் கீழ் இலைகள் கருகல் நோயில் காய்ந்திருந்தன. பாவல் பந்தலில் சாம்பல் நோய். மேப்பிள் இலைகளில் தார் சொட்டியதுபோல் கரும்புள்ளிகள்.

முடிவு: நாட்காட்டிக்குப் பதில் வெப்பமானி

எல்லா வேலையையும் ஒரே வார இறுதியில் செய்வதைக் கைவிடுவது என்பதே முதல் முடிவு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வெப்பநிலை உண்டு. கறிவேப்பிலைக்கு இரவு 10 பாகை. வெண்புழுவுக்கான சிகிச்சைக்கும் புல் விதைக்கும் மண் இன்னும் சூடாக, 15 பாகையை ஒட்டி, இருக்க வேண்டும். உள்ளிக்கு மண் 10 பாகைக்கு இறங்க வேண்டும். இலைக்கு மரம் கொட்டி முடிக்க வேண்டும். குழாய்க்கு இரவு தொடர்ச்சியாக 0 பாகையைத் தொட வேண்டும். இவை செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசி வரை பரந்து கிடக்கின்றன. எந்த ஒரு வார இறுதியும் இவையெல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சமையலறையில் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானி ஒன்றைத் தோட்டத்துக்கென ஒதுக்கினார்கள். காலை ஒன்பது மணியளவில் பாத்தியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்திப் பார்ப்பார்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் நம்பக் கூடாது என்பதும் பேசப்பட்டது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் இலைகள் வானத்துக்குச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். கைத்தொலைபேசி 2 அல்லது 3 பாகை காட்டும்போதே இலையில் உறைபனி பிடித்துவிடும்.

கறிவேப்பிலையும் முருங்கையும்

தாயார் முதலில் ஒப்பவில்லை. "வெயில் இவ்வளவு எறிக்கேக்க ஏன் தம்பி மரத்தை உள்ளுக்கு அடைக்கிறியள்?" என்று மருமகனைக் கேட்டார். நியாயமான கேள்விதான். செப்டெம்பர் வெயில் மரத்துக்கு நல்லது. ஆனால் தீர்மானிப்பது பகல் அல்ல, இரவு. 10 பாகைக்குக் கீழ் கறிவேப்பிலையின் வேர் ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் சூடான வீட்டுக்குள் போனால் இலை நீரை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, மரம் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். முந்தின ஆண்டு நடந்தது இதுதான். ஆகவே ஹீற்றிங் போடுமுன், வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஏறத்தாழ ஒரே சூடு இருக்கும் நாட்களிலேயே மரம் உள்ளே போய்விட வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

தயாரிப்பு செப்டெம்பர் இரண்டாம் கிழமை தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கு கொப்புகளைக் கத்தரித்தார்கள். பூச்சியில்லாத மரத்தில் வெட்டிய இலை மட்டும் கழுவி உறைபெட்டிக்குப் போனது. பூச்சி இருந்த மரங்களின் தண்டையும் இலைக்காம்பையும் பழைய பல்தூரிகையால் தேய்த்தார்கள். இந்தப் படியை விடக் கூடாது. முதிர்ந்த செதிள் பூச்சியின் ஓட்டைச் சவர்க்காரக் கரைசல் ஊடுருவாது. ஓட்டைக் கையால் எடுத்தால்தான் உண்டு. ஊர்ந்து திரியும் குஞ்சுகளைத்தான் கரைசல் கொல்லும். பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மாலையில் கடையில் விற்கும் பூச்சிகொல்லிச் சவர்க்காரத்தைப் போத்தலில் குறிப்பிட்ட அளவில் கலந்து அடித்தார்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம் என்பதில் உறவினர் உறுதியாக இருந்தார். அதிலுள்ள கொழுப்பு நீக்கிகள் இலையின் மெழுகுப் படலத்தையும் சேர்த்தே கரைத்துவிடும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தார்கள், காரணம் முட்டை பொரித்து வரும் அடுத்த தொகுதியை முதல் தடவை எட்டாது.

சாடியின் மேல்மண் 3 சென்ரிமீற்றரை வழித்தெடுத்துப் புதுமண் போட்டார்கள். வீட்டுக்குள் சிறு ஈக்கள் பறப்பது பெரும்பாலும் அந்த மேல்மண்ணிலிருந்துதான். கடைசி ஒரு கிழமை மரங்கள் பந்தல் நிழலில் நின்றன. முழுவெயிலிலிருந்து நேரே அறைக்குள் போனால் அதுவே இன்னொரு அதிர்ச்சி.

செப்டெம்பர் கடைசியில், இரவு 9 பாகை என்று முன்னறிவிப்பு வந்த நாளில், மரங்கள் உள்ளே போயின. இரண்டு மரங்கள் சாப்பாட்டறையின் தெற்கு யன்னலில், மேலே எல்ஈடி வளர்ப்பு விளக்குடன், நாளுக்கு 13 மணி நேரம். மூன்றாவதுக்கு அங்கே இடமில்லாததால் வரவேற்பறையில், சூடுகாற்று வரும் தரைத் துவாரத்துக்கு அருகில் வைத்தார்கள். தண்ணீர் விரலின் இரண்டு கணு ஆழம் காய்ந்த பிறகுதான், அறைச்சூட்டில் வைத்த தண்ணீர். பசளை மார்ச் வரை இல்லை.

முருங்கையை ஒன்றரை அடிக்கு வெட்டி பேஸ்மன்ற்றில் இலையில்லாமல் உறங்கவிட்டார்கள். சாடி வெறும் கொங்கிறீற் தரையில் நின்றது.

வெண்புழுவும் புல்லும்

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்ட அழகுக்காகப் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளை அடிப்பது தடை. ஆகவே அவர்கள் தேர்ந்த வழி உயிருள்ள நூற்புழுக்கள். கண்ணுக்குத் தெரியாத இவை மண்ணீருக்குள் நீந்திப் போய் வெண்புழுவுக்குள் நுழைந்து அதைக் கொல்கின்றன. குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் காலாவதித் திகதி பார்த்து வாங்கினார்கள். வெயில் அவற்றை விரைவில் கொன்றுவிடும் என்பதால் சூரியன் இறங்கிய பின்பே அடித்தார்கள். அதற்கு முன் புல்லை நன்றாக நனைத்தார்கள். தெளிகருவியின் சல்லடையைக் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் நூற்புழுக்கள் அதில் அடைபட்டு நிற்கும், புல்லில் விழுவது வெறும் தண்ணீர். அடித்தபின் பத்து நாள் மண் காயவிடவில்லை.

இதைச் செய்தது செப்டெம்பர் நடுவில். காலம் சற்றுப் பிந்திவிட்டது. புழு சிறிதாக, மேலாக இருக்கும் ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பர் முதல் கிழமையும்தான் சிறந்த நேரம்.

வெறுமையான இடங்களைச் சுரண்டி, 100 சதுர மீற்றருக்கு 2 கிலோ என்ற கணக்கில் உயர் ஃபெஸ்கியூ என்ற புல்வகை கலந்த விதையைத் தூவினார்கள். அதன் வேர் ஆழமாகப் போவதால் வெண்புழுவை மற்றப் புற்களைவிடத் தாங்கும். விதைமேல் மக்கிய உரத்தை மெல்லிதாகப் பரப்பி, நாளுக்கு இருமுறை லேசாக நனைத்தார்கள்.

பாத்திகள்

உறைபனி அறிவிப்பு வருமுன்னே பாவலையும் பயித்தையையும் இறக்கினார்கள். விதைக்கு விட்ட பாவற்காய் செம்மஞ்சளாகி வெடித்த பின், சிவப்புச் சதையைக் கழுவி விதை உலர்த்தினார்கள். நோய் கண்ட தக்காளிக் கொடி வீட்டு உரக்குவியலுக்குப் போகவில்லை. வீட்டுக் குவியல் நோயைக் கொல்லுமளவு சூடேறாது. அது காகிதப் பையில் நகரசபைத் தோட்டக் கழிவுக்குப் போனது, பிளாஸ்ரிக் பையில் கட்டினால் எடுக்க மாட்டார்கள்.

உள்ளிக்கு இந்த முறை ஒன்ராறியோவில் பரவலாக நடப்படும் மியூசிக் என்ற வன்தண்டு வகையை உள்ளூர் விவசாயி ஒருவரிடம் 20 பூடு வாங்கினார்கள். பூட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பெரிய பற்கள். நடும் அன்றுதான் உடைத்தார்கள், முன்கூட்டி உடைத்தால் அடி காய்ந்து வேர்விடத் தாமதிக்கும். ஒக்டோபர் நடுவில் மண் 10 பாகை காட்டிய வார இறுதியில், பாத்தியில் 3 சென்ரிமீற்றர் மக்கிய உரம் கலந்து, பல்லுக்குப் பல் 15, வரிசைக்கு வரிசை 20 சென்ரிமீற்றர் இடைவெளியில், பல்லின் நுனிக்கு மேல் 5 சென்ரிமீற்றர் மண் நிற்கும்படி நட்டார்கள். தட்டையான அடி கீழே. மெல்லிய பற்களை நடாமல் சமையலுக்கு எடுத்தார்கள். பல் பெரிதானால்தான் பூடும் பெரிதாகும். அந்தப் பாத்தியில் முந்தின ஆண்டுகளில் உள்ளியோ வெங்காயமோ நடப்படவில்லை.

நட்டவுடன் மூடாக்குப் போடவில்லை. நவம்பரில் பொடித்த மேப்பிள் இலையைப் பத்து சென்ரிமீற்றருக்கு மேலே பரப்பினார்கள். முளையைச் சூடாக வைப்பதற்கல்ல, மண் உறைவதும் இளகுவதுமாக மாறிமாறிப் பல்லை மேலே தள்ளாமல் இருப்பதற்கே இந்த மூடாக்கு.

இலையும் பீலியும்

கரும்புள்ளி இலையைப் பற்றிக் குடும்பத்துக்குப் பயம் இருந்தது. அந்தப் பூஞ்சணம் மேப்பிளைத்தான் பிடிக்கும். புல்லுக்கோ காய்கறிக்கோ அதனால் தீங்கில்லை. இலையை முழுதும் அள்ளிவிட்டாலும் தெருவிலுள்ள மற்ற மரங்களிலிருந்து வித்துக்கள் வரத்தான் போகின்றன. ஆகவே பொடித்துப் பயன்படுத்தினார்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் மூன்றாம் கிழமை வரை நான்கு தடவை, உலர்ந்த நாளில், புல்வெட்டியை இலைமேல் இருமுறை ஓட்டினார்கள். பொடிக்கு மேலால் புல் தெரிந்தால் அப்படியே விடலாம், புல் மறைந்தால் அள்ள வேண்டும். அள்ளியது உள்ளிப் பாத்திக்கும், ஒரு மீற்றர் அகலக் கம்பிவலைக் கூட்டுக்கும் போனது. கடைசி வெட்டில் புல்லின் உயரம் 6 சென்ரிமீற்றர்.

கூரை மழைநீர் ஓடும் பீலியை மரம் கொட்டி முடித்த பிறகே துப்புரவாக்கினார்கள். அடைப்பு பீலியில் அல்ல, இறங்கு குழாயின் முதல் முழங்கையில் இருந்தது. மேலே கையால் அள்ளிவிட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றி அடியில் வருகிறதா என்று பார்த்தால்தான் இது தெரியும். இறங்கு குழாயின் வாயை அத்திவாரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி நீட்டினார்கள்.

சீடர் வேலியும் வெளிக்குழாயும்

இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டின. சீடர் குளிர்காலத்திலும் இலையால் நீரை இழக்கும். உறைந்த நிலத்திலிருந்து வேரால் எடுக்க முடியாது. மார்ச்சில் பழுப்பாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நிலம் உறையும் வரை கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நனைக்க வேண்டும். குழாயையோ அதற்கு முன்பே மூட வேண்டும். குழாயை நவம்பர் இரண்டாம் கிழமை மூடுவது, அதன் பிறகு மழையில்லாத கிழமைகளில் வாளியால் வேலிக்கு ஊற்றுவது என்று முடிவாகியது.

ஏப்ரலில் மாற்றிய புதுக்குழாயும் உறையாத வகைதான். ஆனால் தண்ணீர் தானாக வடியும்படி வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பூட்டப்பட்டது. மூடும் ஒழுங்கு: குழலைக் கழற்றி வடிப்பது, பேஸ்மன்ற்றிலுள்ள உள் வால்வை மூடுவது, வெளியே குழாயைத் திறப்பது, வால்வின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் தளர்த்தி, கீழே பாத்திரம் பிடித்து, மிச்சத் தண்ணீரை இறக்குவது. மூடியைத் திரும்ப இறுக்கியபின் வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டார்கள்.

பின்விளைவு

ஏப்ரல் கடைசியில் ஒருவர் பேஸ்மன்ற்றில் விளக்குடன் நிற்க, மற்றவர் உள் வால்வைத் திறந்தார். கசிவில்லை.

தெற்கு யன்னலில் நின்ற இரண்டு கறிவேப்பிலைகளும் குளிர்காலத்தில் சில இலைகளை மட்டும் இழந்தன. பெப்ரவரியில் ஒன்றில் மறுபடி செதிள் பூச்சி கண்டது, பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தே அடக்கினார்கள். சூடுகாற்றுத் துவாரத்தருகே நின்ற மூன்றாவது மரம் தை மாதத்தில் முக்கால்வாசி இலையைக் கொட்டியது, சிலந்திப்பேனும் பிடித்தது. இடம் மாற்றியபின் ஏப்ரலில் குருத்துவிட்டது. ஒரே வீட்டில் இந்த வேறுபாடு வந்ததற்கு வறண்ட சூடுகாற்று ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் தெற்கு யன்னலும் வளர்ப்பு விளக்கும் அந்த மரத்துக்குக் கிடைக்காததும் சேர்ந்திருக்கலாம்.

முருங்கை பிழைக்கவில்லை. இலையில்லாத கட்டைக்கு மாதம் இருமுறை தண்ணீர் போயிருந்தது. குளிர்ந்த தரையில் நின்ற ஈரமண்ணில் வேர் அழுகி, மார்ச்சில் அடித்தண்டு கையால் அமுக்கினால் நீர் கசிந்தது.

உள்ளி ஏறத்தாழ முழுதும் முளைத்தது. யூனில் சுருண்டு வந்த பூந்தண்டை ஒடித்துப் பொரியலுக்கு எடுத்தார்கள். ஜூலை நடுவில், கீழ் இலைகள் மூன்று காய்ந்து மேலே ஐந்தாறு பச்சையாக நின்றபோது கிண்டினார்கள். புல்லில் பூஞ்சண வட்டங்கள் வரவில்லை. வெண்புழு பாதியளவு குறைந்தது, ஸ்கங்க் வசந்தத்தில் ஒரு மூலையை மட்டும் கிண்டியது. சீடரில் காற்றடிக்கும் முனை மரம் ஒன்றின் மேற்பகுதி பழுத்தது.

மாற்றப்போகிறவை

நூற்புழுவை ஓகஸ்ட் கடைசிக் கிழமைக்கு முன்தள்ளி, ஓகஸ்ட் தொடக்கத்திலேயே கடையில் பதிவுசெய்வது. புல் விதையை அதையடுத்த கிழமையே தூவுவது. மூன்றாவது கறிவேப்பிலைக்குத் தெற்கு யன்னலில் இடம் வரும்படி மேசையை நகர்த்துவது. அப்படியும் இடம் போதாவிட்டால் ஒரு மரத்தை உறவினருக்குக் கொடுத்துவிடுவது என்று தாயாரே சொல்லியிருக்கிறார். புது முருங்கையின் சாடியை மரப்பலகை மேல் வைத்து, இலை உதிர்ந்தபின் மார்ச் வரை மாதம் ஒரு கோப்பைத் தண்ணீருக்கு மேல் விடாமல் இருப்பது. காற்றுப் பக்கத்துச் சீடர் மரத்துக்கு நவம்பரில் சாக்குத் துணித் தட்டி கட்டுவது, இலையில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி.